முடிச்சு விழாத தையல்

ஹிலெலுக்கு ஷூ கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்தது பெய்லாதான். அம்மா செத்துப்போன அந்தக் கோடையில், ஹூஸ்டனில் கால்வாயை ஒட்டியிருந்த வாடகை வீட்டின் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தம்பியின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். இரண்டு முயல் காது. ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு, உள்ளே நுழைத்து இழு. மற்றப் பிள்ளைகள் அதோடு விட்டுவிடுவார்கள். ஹிலெலுக்கு மட்டும் கயிறு எப்போதும் அவிழ்ந்துபோகும். அதனால் அந்தக் காதுகளை இன்னொரு சுற்றுச் சுற்றி, நுனியை முடிச்சுக்கு அடியில் செருகிவிடச் சொன்னாள்.

"இனிமே இடி விழுந்தாலும் அவிழாது. ஓடு."

அவன் பள்ளிக்கு ஓடினான். அவள் அந்த வருஷத்தோடு பள்ளியை விட்டாள்.

அப்பா உயிரோடுதான் இருந்தார். வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பெய்லா ஒரு சலவைக் கடையில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். கால்சட்டைக்கு ஓரம் மடிப்பது, கோட்டுக்கு உள்துணி மாற்றுவது, அறுந்த ஜிப்பை எடுத்துப் புது ஜிப் வைப்பது. கடையின் முன் ஜன்னலோரம் கிடந்த அந்த மெஷினில்தான் ஹிலெலின் பள்ளிக்கூடம், கல்லூரி, சட்டப்படிப்பு எல்லாம் ஓடின. அவன் முதன்முதலாகக் கோர்ட்டுக்குப் போட்டுப்போன கோட்டு, யாரோ வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராமல் விட்டது. அதைப் பிரித்து அவன் உடம்புக்குத் தைத்துக் கொடுத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்குத்தான் ஒரு பையன் இருக்கானே, வக்கீலு" என்பாள்.

எதை எடுத்தாலும் பேச்சு தம்பியில் வந்து முடியும். அவளுடைய சிநேகிதி கிட்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"செங்கடலப் பிளந்தது மோசேன்னு சொல்லிக்கிறாங்க. பெய்லா, நெஜத்தச் சொல்லு, அது உன் தம்பிதானே?"

"அவன் அன்னிக்கு ஊர்ல இல்லடி. இருந்திருந்தா இன்னும் சுத்தமாப் பிளந்திருப்பான்" என்பாள் பெய்லா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

இன்னொரு தையலும் அவளுக்கு உண்டு. அவர்களுடைய யூத ஜெபாலயத்துப் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, இறந்தவர்களுக்கு உடுத்தும் வெள்ளைத் துணியைத் தைத்து வைப்பார்கள். மில் முதலாளிக்கும் மீன் விற்கிறவனுக்கும் ஒரே துணிதான். அதில் பை வைக்கக் கூடாது. நூலில் முடிச்சு விழக் கூடாது. தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் நூலைத் துணிக்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஓட்டி விட்டுவிட வேண்டும். போகிறவர்களை இங்கே கட்டிப் போட்டு வைக்கக் கூடாதாம். புதிதாக வரும் பெண்கள் பழக்கதோஷத்தில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பெய்லா விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். திட்ட மாட்டாள். முழுத் தையலையும் பிரித்துவிட்டு, "மறுபடி" என்று மட்டும் சொல்லுவாள்.

கால்வாய் முதல் தடவை கரையை மீறி வீடுகளுக்குள் வந்த வருஷம் ஹிலெல் ஒரு குழுவைத் தொடங்கினான். ஜெபாலயத்து இளவட்டங்கள், ஓய்வுபெற்றவர்கள், வேலைக்கு லீவு போட்டவர்கள். எல்லாருக்கும் பச்சைச் சட்டை. வெள்ளம் வடிந்த வீடுகளுக்குள் போய் நனைந்த சுவர்ப் பலகைகளைப் பெயர்ப்பார்கள், ஊறிய தரையைப் பிளப்பார்கள், அழுகிய சோறோடு நாறும் குளிர்சாதனப் பெட்டியை நாடா சுற்றித் தெருவுக்குத் தள்ளுவார்கள். யூதர் வீடு, கத்தோலிக்கர் வீடு என்ற பேதம் இல்லை. யார் கூப்பிட்டாலும் போவார்கள். ஒரு பாப்டிஸ்ட் அம்மாள் தன் வீட்டைச் சுத்தம் செய்தவர்களுக்குப் பன்றி சாசேஜ் பொரித்துப் பெரிய தட்டில் கொண்டுவந்து நீட்டியபோது, கிட்டி கும்பிடாத குறையாக, "அம்மா, உங்க மனசு தங்கம். ஆனா இந்த வாசனைக்கே எங்களுக்குப் பாதிப் பாவம் ஏறிடுச்சு, மீதிய நீங்களே சாப்பிடுங்க" என்றாள். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். அந்தத் தெருவில் பல நாளைக்கப்புறம் கேட்ட சிரிப்பு அதுதான்.

குழுவில் பெய்லாவுக்குக் கடப்பாரை வேலை இல்லை. வீட்டுக்காரரோடு முதலில் போய் உட்காருவதுதான் அவள் வேலை. வீட்டுக்காரர் கண்ணில் காட்டாமல் ஒரு கரண்டிகூடத் தெருக் குவியலுக்குப் போகக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். ஒருவருக்கு அது குப்பை. இன்னொருவருக்கு அது அம்மாவின் கரண்டி. இந்தச் சட்டத்தை ஹிலெல் பத்திரிகைக்காரர்களிடம் குழுவின் சட்டம் என்று சொன்னான். அவள் பெயரைச் சொல்லவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை. "எவ்வளவு அழகாச் சொல்லிருக்கான் பாரு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினாள்.

அப்புறம் அந்தப் பெரும்புயல் வந்தது. இந்தத் தடவை ஜெபாலயத்துக்குள்ளேயே இடுப்புயரத் தண்ணீர். வேதம் எழுதிய தோராச் சுருள்களை எப்படியோ தூக்கிக் காப்பாற்றிவிட்டார்கள். அலமாரிகளில் இருந்த ஜெபப் புத்தகங்கள் ஊறி, பருத்து, அலமாரியையே உடைத்துக்கொண்டு சரிந்து கிடந்தன. ஆண்டவனின் பெயர் எழுதிய தாளை இவர்கள் குப்பையில் போடுவதில்லை. மனிதரைப் புதைப்பது போலவே கல்லறையில் புதைப்பார்கள்.

பெய்லாவுக்கு அந்த வாரம் ஃபைவல் பெர்லோவின் வீடு.

பெர்லோவுக்குத் தொண்ணூறு நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி ரைசல் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. பெய்லா போனபோது முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மடியில் ஒரு ஜெபப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் சமையலறைக் காகிதத்தைச் செருகிக்கொண்டிருந்தார். வீட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சோபாவ எடுத்துப் போகட்டுமா, மிஸ்டர் பெர்லோ?"

"எடு."

"கட்டிலு?"

"எடு. வீட்டையே வேணாலும் எடு. இத மட்டும் கேக்காத."

புத்தகத்தின் முதுகில் கறுப்புப் பூஞ்சை ஏறியிருந்தது. அதை முகத்தருகே வைத்திருந்ததால் அவர் இருமிக்கொண்டே இருந்தார். நெஞ்சு ஏற்கெனவே பலவீனம். டாக்டர் பூஞ்சை பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஹிலெல் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, அக்காவைத் தனியே கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் புத்தகம் அவரு கையில இருந்தா ஆளு போயிடுவாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. நீ சொன்னாக் கேப்பாரு."

"அதுல என்னமோ இருக்குடா. பாத்தா தெரியுது."

"என்ன இருந்தாலும் சரி. மத்தப் புத்தகங்களோட சேத்து மரியாதையாப் புதைச்சுடலாம். ரைசல் அம்மா கல்லறைக் கால்மாட்டுலயே. நான் பொறுப்பு."

பெய்லா திரும்பிப் போய் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தானாகவே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். எழுத்து எதுவும் இல்லை. ஒரு நீலக் கறை மட்டும் இருந்தது.

"ரைசல் பிள்ளைங்க பேரெல்லாம் இதுல எழுதி வச்சா. மொதல் பேரு எங்க மூத்தது. பொறந்து மாசம் திரும்பல, போயிடுச்சு. அப்போல்லாம் மாசம் திரும்பாத பிள்ளைக்குக் கல்லு நட மாட்டாங்க, துக்கமும் காக்க மாட்டாங்க. பெரியவங்க எடுத்துட்டுப் போனாங்க. எங்க வச்சாங்கன்னு எங்ககிட்டச் சொல்லல. கேக்கவும் கூடாதுன்னாங்க. அந்தப் பேரு இந்த ஒரு எடத்துலதான் இருக்கு."

"இப்ப கறைதானே இருக்கு, மிஸ்டர் பெர்லோ."

"உனக்குக் கறை. எனக்குத் தெரியும் எந்த எடத்துல எந்த எழுத்துன்னு."

அவள் அவசரப்படவில்லை. அவர் இருமி முடிக்கும் வரை இருந்தாள். பிறகு சொன்னாள்: "பிள்ளைக்குக் கல்லு இல்ல, குழி எங்கன்னும் தெரியாது. அம்மாவோட கால்மாட்டுல இந்தப் புத்தகத்த வச்சா, அதுக்கும் ஒரு எடம் ஆகும்ல? மொதல் மண்ண நீங்க போடலாம். நான் என் கையால தச்சுத் தரேன். என் தம்பி பொறுப்பு. நான் பொறுப்பு."

பெர்லோ புத்தகத்தை மூடினார். பிறகு எழுந்து, தண்ணீர் எட்டாத மேல்தட்டிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்துவந்தார். ஓரத்தில் வளைவு வளைவாகப் பூத்தையல். ரைசல் போட்டது.

"இதுல தையி. உன் கையில குடுக்கறேன், பெய்லா. ஆளுங்க கையில குடுக்கல."

அன்று வெள்ளிக்கிழமை; சூரியன் இறங்கியதும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். ஜெபாலயத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் மேசை போட்டுப் பெய்லாவும் கிட்டியும் மற்றப் பெண்களும் நனைந்த புத்தகங்களை வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் பொதிந்து தைத்தார்கள். பிணத்துணி மாதிரியே, முடிச்சு விழாமல். பெர்லோவின் சின்ன மூட்டையைப் பெய்லா கடைசியாகத் தைத்து, ஓரத்துப் பூத்தையல் வெளியே தெரியும்படி மற்ற மூட்டைகளுக்கு மேலே வைத்தாள். எல்லாவற்றையும் ஹிலெல் இரவல் வாங்கி வந்த லாரியில் ஏற்றினார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு நண்பரின் கிடங்கில் வைத்து, கல்லறை மண் காய்ந்ததும் புதைப்பதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஹிலெல் லாரிக் கதவில் சாய்ந்து நின்று பேசினான். பெய்லா கொஞ்சம் தள்ளி, ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு நின்று பார்த்தாள். சாய்வெயில் அவன் முகத்தில் விழுந்தது. அப்பா முகம் மாதிரியே இருந்தது. ஆனால் சிரிக்கும் அப்பா. "இன்னும் ஒரே ஒரு கேள்வி" என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கிட்டி வானத்தைப் பார்த்தாள்.

"உன் தம்பிய ஓய்வுநாள் தொடங்கறதுக்குள்ள கெளம்பச் சொல்லு. வெளக்கு ஏத்துற நேரம் கேமராவுக்காகக் காத்துட்டிருக்காது."

"அவனுக்குத் தெரியாதாடி?" என்றாள் பெய்லா.

கல்லறை மண் காயவே இல்லை. யூதப் புத்தாண்டு வந்தது. பெர்லோ மகள் வீட்டுக்கும் போகாமல், ஈரம் காயாத தன் வீட்டின் மாடியிலேயே தங்கிக்கொண்டார். ஓய்வுநாள் தோறும், ஜெபத்துக்காக வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் பெய்லாவைப் பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கு, மிஸ்டர் பெர்லோ."

ஹிலெல் அப்படித்தான் சொல்லியிருந்தான். பெய்லா கிடங்கைப் போய்ப் பார்க்கவில்லை. தம்பி சொன்ன பிறகு எதற்குப் பார்ப்பது?

பாவநிவாரண விரதம் தொடங்கும் சாயங்காலம் ஹிலெல் அக்கா வீட்டுக்கு வந்தான். விரதத்துக்கு முன்னால் ஒருவரிடம் ஒருவர் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். மனிதனுக்குச் செய்த தப்பை ஆண்டவன் மன்னிக்க மாட்டான். அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். எல்லாரும் ஓடிக்கொண்டே கேட்பார்கள், ஓடிக்கொண்டே கொடுப்பார்கள்.

ஹிலெல் ஓடவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அக்கா, இந்த வருஷம் நான் தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கு ஏதாவது…"

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. சூப்பு ஆறுது, உட்காரு."

"முழுசாச் சொல்ல விடு."

"முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள சூரியன் எறங்கிடும். மன்னிச்சேன்டா. எல்லாத்தையும் மன்னிச்சேன். போதுமா?"

அவன் கண் கலங்கியது. தம்பிக்கு வயதாகிறது, மனசு இளகுகிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் அவன் தட்டில் இன்னொரு துண்டுக் கோழி வைத்தாள்.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களைப் புதைத்தார்கள்.

ரைசலின் கல்லறைக்குக் கால்மாட்டில், சொன்னபடியே, ஆழமாகவும் அகலமாகவும் குழி வெட்டியிருந்தது. ஜெபாலயத்தார் எல்லாரும் வந்திருந்தார்கள். பச்சைச் சட்டைக்காரர்கள் கறுப்புக் கோட்டுக்குள் பச்சைச் சட்டையோடே வந்திருந்தார்கள். பெர்லோ கழுத்துப்பட்டை கட்டி, தொப்பியைத் துடைத்துப் போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். ஜெபாலயத்துக் குருவான ரபி வேதத்திலிருந்து சங்கீதம் படித்துக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து மூடியில்லாத மரப்பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள்.

பெய்லா பெட்டிகளுக்கு அருகே போனாள். பெர்லோவின் மூட்டையை எடுத்து அவர் கையில் ஒரு நிமிஷம் கொடுக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். முதல் பெட்டியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அடியில் போயிருக்கும் என்று மேல் மூட்டையை நகர்த்தினாள். அப்போது அவள் விரலில் ஒன்று இடறியது.

முடிச்சு.

விரிப்பின் நாலு முனையையும் சேர்த்துக் கட்டியிருந்தது. தையலே இல்லை. பக்கத்து மூட்டையைத் தொட்டாள். அதிலும் முடிச்சு. கிட்டியோ மற்றப் பெண்களோ இப்படிக் கட்ட மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். அவளைக் குனிந்து பார்க்க வைத்தது அது இல்லை. இரண்டு முயல் காது. இன்னொரு சுற்று. நுனி அடியில் செருகியிருந்தது.

இடி விழுந்தாலும் அவிழாது.

துணியின் மேலே முகர்ந்து பார்த்தாள். பூஞ்சை வாடையே இல்லை. காய்ந்த காகித வாடைதான் வந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் விரலை நுழைத்து விலக்கினாள். மஞ்சள் தாள். பழைய டெலிபோன் டைரக்டரி.

அவள் நிமிர்ந்தபோது ஹிலெல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லறைக்கு வருகிறவர்கள் கை கழுவும் குழாயடிக்கு அவள் நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"எங்கடா அதெல்லாம்?"

"அக்கா, மெதுவா."

"எங்கடா?"

அவன் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை பேட்டி முடிய நேரமாகிவிட்டது. பாதி ரோடு வெள்ளத்தில் அடைத்துக் கிடந்தது. ஓய்வுநாள் தொடங்குவதற்குள் கிடங்குக்குப் போய்ச் சேர முடியாது. தொடங்கிவிட்டால் வண்டி ஓட்டக் கூடாது. லாரியோ இரவல் வண்டி, சாயங்காலமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மூட்டைகளைத் தன் வீட்டு வாசலில் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடினான். பக்கத்திலேயே அவன் வீட்டுக் குப்பைக் குவியலும் கிடந்தது. மறுநாள் அவன் ஜெபத்துக்குப் போயிருந்த நேரம், குப்பை அள்ளும் ஒப்பந்த லாரி இரும்புக் கையோடு வந்து, குவியலையும் தார்ப்பாயையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"ஞாயித்துக்கெழம குப்பை மேட்டுக்குப் போனேன் அக்கா. மலை மாதிரி. எல்லா வீட்டுச் சுவரும் அங்கதான் கெடந்துச்சு. தேடினேன். நெஜமாத் தேடினேன்."

"அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?"

"யாருகிட்ட? 'வீட்டுக்காரர் கண்ணுல காட்டாம ஒரு கரண்டிகூடப் போகாது'ன்னு டிவில சொல்லி ஒரு நாள்தான் ஆகியிருந்துச்சு. குழுவே ஒடஞ்சு போயிருக்கும். இன்னும் எத்தன வீடு பாக்கி கெடந்துச்சு."

"என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "உன்கிட்டயா? ஊரெல்லாம் 'என் தம்பி, என் தம்பி'ன்னு சொல்லிட்டுத் திரியற. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

பெய்லாவுக்கு அடித்த மாதிரி இருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினாள்.

"வாராவாரம் அந்த மனுஷன் என்கிட்டக் கேட்டாருடா. வாராவாரம் நான் பத்திரமா இருக்குன்னேன். என் வாயால."

"அவரு நிம்மதியா இருக்கட்டும். இன்னிக்கு ஒரு பிடி மண்ணப் போடுவாரு, மனசு ஆறும். உண்மையச் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகுது? ஒருத்தனச் சபை நடுவுல வெக்கப்படுத்தறது அவன் ரத்தத்தச் சிந்தறதுக்குச் சமம்னு நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்த?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "அதுவும் இல்லாம நீதான் மன்னிச்சுட்டியே. விரதத்தன்னிக்கு. எல்லாத்தையும்னு சொன்ன."

அவள் அவனையே பார்த்தாள். கலங்கிய கண்ணும், அவள் எடுத்து வைத்த கோழித் துண்டும் நினைவுக்கு வந்தன. அன்று அவன் வந்தது இதற்காக. அவள் கையாலேயே ரசீது வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

"எதுக்குன்னு சொன்னியாடா?" என்றாள். "மாசம் திரும்பாத பிள்ளையோட பேரத் தொலைச்சுட்டேன், அதுக்கு மன்னிச்சிடுன்னு கேட்டியா?"

அங்கே ரபி வாசித்து முடித்திருந்தார். பெட்டிகளைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள்.

மண் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மண்வெட்டியின் முதுகால் அள்ள வேண்டும். இந்த வேலையை நாம் மனசோடு செய்யவில்லை என்று காட்டுவதற்கு. போட்டு முடித்ததும் அடுத்தவர் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது. மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு நகர வேண்டும். துக்கத்தைக் கைமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. முதல் மண் பெர்லோவுக்கு என்று பெய்லா சொல்லி வைத்திருந்தாள். ஆனால் குழுவின் தலைவர் தொடங்கட்டும் என்று யாரோ ஹிலெலை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவன் முதுகால் அள்ளிப் போட்டான். மண் மரத்தில் விழுந்து சத்தம் கேட்டது. மண்வெட்டியைக் குத்தி நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தபடியே விலகினான். அடுத்தது அவள்.

பெய்லா போனாள். மண்வெட்டி நேராக நின்றது. அதன் பிடியில் அவன் கை ஈரம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தாண்டிப் போனாள்.

கூட்டத்தில் பேச்சு நின்றது. கிட்டி மட்டும், "என்ன ஆச்சு இவளுக்கு?" என்றாள்.

பெர்லோ மண்வெட்டிக்குக் கை நீட்டியவர், குழிக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இதுல என்னோடது எது, பெய்லா? பூத்தையல் போட்டது ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலையே."

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மண்ணு போட வேணாம், மிஸ்டர் பெர்லோ. இப்படி வாங்க."

குழியைச் சுற்றி, ரைசலின் தலைமாட்டுக்கு அவரை நடத்திக்கொண்டு போனாள். தம்பியைக் கூட்டத்தின் நடுவே அவமானப்படுத்தவில்லை. அந்த அளவுக்கு அவன் சொன்ன சட்டத்தைக் காப்பாற்றினாள். கல்லுக்கு மறுபக்கம் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், எதையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, கேமரா, தார்ப்பாய், இரும்புக் கை, டெலிபோன் டைரக்டரி. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லில் ரைசலின் பெயரைப் பார்த்தாள்.

பின்னால் மண் விழும் சத்தம் தொடர்ந்து கேட்டது.

"நீ கண்ணால பாத்தியா? கெடங்குல?"

"இல்ல."

"அப்புறம் ஏன் பத்திரமா இருக்குன்ன?"

"தம்பி சொன்னான்."

"நான் உன் தம்பிகிட்டக் குடுக்கல." அவர் குரல் உயரவில்லை. "உன்கிட்டக் குடுத்தேன்."

பெய்லா தலையாட்டினாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள். தாங்க முடியாமல்தான் கேட்டாள்.

"அந்தப் பேரச் சொல்லுங்க, மிஸ்டர் பெர்லோ. இந்தக் கல்லுலயே, ரைசல் அம்மா பேருக்குக் கீழ வெட்டச் சொல்றேன். நானே நின்னு…"

பெர்லோ அவளைப் பார்த்தார். கோபமாக இல்லை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் வெளியே யாரென்று பார்க்கும் பார்வை.

"இன்னொரு தடவ உன் கையில குடுக்கச் சொல்றியா?" என்றார்.

கீழே குனிந்து ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுத்தார். வந்துபோனதற்கு அடையாளமாக வைக்கும் வழக்கப்படி அதை ரைசலின் கல்லின்மேல் வைத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். முதலாவதைவிட ரொம்பச் சின்னது. அதை அதன் பக்கத்தில் வைத்து, உருண்டு விழாமல் விரலால் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பெய்லா கை நீட்டவில்லை. அவர் தனியாகவே வாசலை நோக்கி நடந்தார்.

கூட்டம் கலைந்தது. ஹிலெல் தன் காரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான்.

"ஏறு அக்கா. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"நீ போ."

"சரி, இப்ப எதுக்குன்னு சொல்லியே கேக்கறேன். புத்தகத்தத் தொலைச்சதுக்கு, உன்கிட்ட மறைச்சதுக்கு, ஊர ஏமாத்துனதுக்கு. மன்னிச்சிடு."

"எனக்குச் செஞ்சத நான் பாத்துக்கறேன். அடுத்த விரதத்துக்கு இன்னும் நாள் இருக்கு." அவள் கல்லறை வாசலைக் காட்டினாள். அங்கே பெர்லோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தார். "அவருக்குச் செஞ்சத நான் மன்னிக்க முடியாது. அது என்னோடது இல்ல. எறங்கிப் போய் அவர்கிட்டக் கேளு. இப்பவே."

ஹிலெல் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு கண்ணாடியை ஏற்றினான்.

கார் கல்லறைப் பாதையில் மெதுவாகப் போயிற்று. பெய்லா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலை நெருங்கியதும், பெர்லோவுக்கு நேராக, பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் திரும்பிக் காரைப் பார்ப்பது தெரிந்தது.

விளக்கு அணைந்தது. கார் ரோட்டில் ஏறி, மற்றக் கார்களோடு கலந்து போய்விட்டது.